ஒரு பாடம் பாக்கி

ரெனாட்டா டோம்பெக் கெட்டிக்காரி. அதுவே அவளுக்கு வினையாக வந்து சேர்ந்தது. விஸ்கான்சினில் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறாள். பள்ளியிலேயே சில கல்லூரிப் பாடங்களை முடித்து, கோடை விடுமுறையிலும் வகுப்புக்கு ஓடி, நாலு வருடப் படிப்பை மூன்றே வருடத்தில் ஊதித் தள்ளிவிட்டாள். வரும் மே மாதம் பட்டம். அப்பா லெனார்ட் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது.

டிசம்பரில்தான் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. இன்ஜினியரிங் மாணவர்கள் கோடையில் வாஷிங்டனுக்குப் போய், சட்டம் எழுதுகிறவர்கள் பக்கத்தில் இருந்து, குடிநீர், பாலம், மின்சாரம் என்று ஏதாவது ஒன்றைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். எனக்கென்றே வைத்த வேலை என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று வருடம் படித்திருக்க வேண்டுமாம், படித்திருக்கிறாள். பொறியாளர் சங்கத்தில் சேர்ந்திருக்க வேண்டுமாம், சேர்ந்திருக்கிறாள். கோடை முடிந்ததும் கல்லூரிக்குத் திரும்ப வேண்டுமாம். போச்சு! மே மாதமே பட்டம் வாங்குகிறவள் எங்கே திரும்புவது? ஆடி அசைந்து படித்தவனுக்குக் கதவு திறந்திருக்கிறது, விழுந்து விழுந்து படித்தவளுக்குச் சாத்தியிருக்கிறது. என்ன நியாயமோ!

மனசு கேட்காமல் அறிவிப்பு கொடுத்தவர்களுக்கே போன் போட்டாள். எடுத்த பெண்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"செப்டம்பர்ல உனக்குப் பாடம் பாக்கி இருக்கணும்மா, அவ்வளவுதான். எத்தனைன்னு சொல்லல. ஒண்ணு இருந்தாலும் நீ மாணவிதான்."

ஒன்று இருந்தது. உடற்பயிற்சிக்கென்று எடுத்தே ஆக வேண்டிய பாடம். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற விளையாட்டை அதற்காக ஜனவரியில் எடுக்கப் பதிந்து வைத்திருந்தாள். அதைச் செப்டம்பருக்குத் தள்ளிப் போட்டால் போதும். ஆனால் அப்பாவிடம் யார் சொல்வது?

லெனார்ட் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் தெருவைத் தோண்டி, தண்ணீரில் விஷம் கலக்கிற பழைய ஈயக் குழாய்களை மாற்றுகிறவர். வெள்ளிக்கிழமை மாலையானால் அந்தப் பந்து உருட்டுகிற கூடத்தில்தான் இருப்பார். வறுத்த மீன் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து ரெனாட்டா மெல்ல ஆரம்பித்தாள்.

"மே மாசம் பட்டம் வாங்கலப்பா. கோடையில வாஷிங்டன்ல ஒரு வேலைக்கு மனு போடப் போறேன், அதுக்காக ஒரு பாடத்தத் தள்ளி வைக்கிறேன்."

"எதை?"

அவள் அவருடைய பந்தைக் காட்டினாள்.

"அடிப்பாவி! கணக்குல தவறினாக்கூட வெளிய சொல்லிக்கலாம். டோம்பெக் வீட்டுப் பொண்ணு பந்து உருட்டாம பட்டம் நின்னுபோச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வருவேன்?"

"உன் ஆட்டத்தப் பாத்துத்தான் பயந்திருப்பா லெனார்ட்!" என்று பக்கத்து மேசையிலிருந்து அவர் கூட்டாளி ரூபன் குரல் கொடுத்தார்.

லெனார்ட் சிரிக்கவில்லை. "சரி, வாஷிங்டன்ல உன்ன எடுப்பாங்கங்கறது நிச்சயமா?"

"இல்லப்பா. மார்ச்சுலதான் தெரியும். வகுப்ப இந்த வாரமே மாத்தணும்."

"ரெண்டும் கெட்டானா நின்னா?"

"நிக்கறேன்."

"வாய்ப்பேச்சு ஊரு அது. அங்க போய் என்னத்தக் கிழிக்கப் போற?"

"நீங்க குழாய வேலி வரைக்கும்தான மாத்தறீங்க? உள்ள இருக்கற பாதி ஏன் அப்படியே கெடக்கு?"

"அது வீட்டுக்காரர் பாடு. விதி அப்படி."

"அந்த விதிய எழுதறப்ப, குழாயப் பத்தித் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இருந்தாங்களா? அதுக்குத்தாம்ப்பா போகணுங்கறேன்."

லெனார்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"போன வாரம் ஒருத்தி கைக்குழந்தையோட வந்து நின்னா. 'இனி இந்தத் தண்ணில பால் கரைக்கலாமா'ன்னு கேட்டா. 'என் பாதி முடிஞ்சுதும்மா'ன்னுட்டு வண்டியில ஏறிட்டேன்." சொல்லிவிட்டுப் போனை எடுத்து அரிசோனாவிலிருக்கும் தங்கையைக் கூப்பிட்டார்.

"வாண்டா, மே மாச டிக்கெட்ட மாத்து. அடுத்த டிசம்பர்ல வா, பட்டம் அப்பத்தான்... பெயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாஷிங்டன் போறா."

"அப்பா, இன்னும் விண்ணப்பமே போடல!"

அவர் கையைக் காட்டி அவளை அடக்கினார். "எதுக்கா? நான் விட்டுட்டு வந்த பாதிய மாத்தறதுக்கு."