செருப்புக்குப் பேக்கேஜ் இல்லை

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, திருப்பூர் சாயப்பட்டறை, கேரளத்து ஓட்டல், லாரி என்று சுற்றியவனுக்குக் கடைசியில் சர்க்கரை வந்தது. காரைக்காலுக்குத் திரும்பி, மண்டபத்தூரில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது கால் பெருவிரலுக்கு அடியில் புண். வலி இல்லை. வலித்திருந்தால் முன்பே பார்த்திருப்பேன்.

அரசு மருத்துவமனை டாக்டர் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். "எம்.சி.ஆர். செருப்புன்னு கேட்டு வாங்குங்க, அடியில மெத்துன்னு இருக்கும். அது இல்லாம நடந்தீங்கன்னா விரலை எடுக்க வேண்டியதாயிடும்" என்றார். அங்கே ஸ்டாக் இல்லை. வெளியில் வாங்க என்னிடம் காசு இல்லை.

ஆனால் காப்பீட்டு அட்டை இருந்தது. வருடத்துக்கு ஐந்து லட்சம், அவ்வளவும் உங்கள் பணம் என்று முகாமில் மைக் வைத்துச் சொல்லித்தான் கொடுத்தார்கள். எங்கள் வம்சத்தில் முதல் லட்சாதிபதி நான். கோவில்பத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் தன் பைக்கில் ஏற்றி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

காப்பீட்டு மேசையில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் அட்டை நம்பரைத் தட்டினார்.

"அஞ்சு லட்சமும் அப்படியே இருக்குங்கண்ணே."

"அதுல ஒரு செருப்புக்கு மட்டும் எடுத்துக் குடும்மா."

"செருப்புக்குப் பேக்கேஜ் இல்லைங்கண்ணே. விரல் எடுக்குறதுக்கு இருக்கு. பெட்டு, மருந்து, சாப்பாடு எல்லாம் ஃப்ரீ."

"விரல் இருக்கணும்னுதானேம்மா செருப்பு கேக்குறேன்?"

"இருந்தா அப்ரூவல் வராதுங்கண்ணே."

அத்தான் மேசைமேல் சாய்ந்துகொண்டார். "காலையே எடுத்துட்டா இன்னும் கூடக் கிடைக்குமாம்மா? மாப்ளயோட பணம் வீணாப் போவுது பாரு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்து, "முட்டிக்குக் கீழன்னா அது தனிப் பேக்கேஜுங்க" என்றார்.

"எடுத்த பின்னாடியாவது செருப்பு தருவீங்களா?" என்றேன்.

"எழுதிக் குடுப்பாங்க. வெளியில வாங்கிக்கணும்."

மறைப்பானேன், மூன்று வேளைச் சாப்பாடு என்றதும் எனக்குச் சபலம் தட்டியது. பத்தில் ஒன்றுதானே என்று மனம் கணக்குப் போட்டது. அத்தானுக்கு என் முகம் புரிந்திருக்க வேண்டும். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். பைக்குக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணத்தில் செருப்பை வாங்கினார். வழவழவென்று தேய்ந்த டயரோடு பைக் வீட்டில் நின்றது. அடுத்த சம்பளம்வரை அவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போனார்.

புண் மெல்ல மூடிக்கொண்டது. ஆனால் கல்யாண வீடோ டீக்கடையோ, எங்கே பார்த்தாலும் நாலு பேர் நடுவில் அத்தான் என் காலைக் குனிந்து பார்க்கிறார்.

"செருப்பக் கழட்டு மாப்ள, என் விரல் எப்படி இருக்குன்னு பாக்கணும்."

நானும் கழற்றிக் காட்டுகிறேன்.