ஒழுங்கைக்கு ஒரு கதவு

ஒரு வீட்டில் ஆள் குடியிருக்கலாம் என்று கடதாசி கொடுக்க வேண்டுமானால், அதுவரைக்கும் அந்த வீட்டில் ஆள் குடியிருக்கக் கூடாது. இதுதான் எங்கள் தொழிலின் முதலாவது சட்டம். வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, கையில் வீட்டுத் திறப்போடு, பூட்டைத் திறக்க முடியாமல் வெளியில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்களும் ஒரு நாள் கட்டத்தானே போகிறீர்கள், அப்போது விளங்கும்.

நான் பிரதேச சபையில் டேப் பிடித்தவன். வீட்டைப் பார்க்க வரும் உத்தியோகத்தர் டேப்பின் ஒரு நுனி, நான் மறு நுனி. யுத்தம் முடிந்த பிறகு, நுரைச்சோலை, குறிஞ்சிப்பிட்டிப் பக்கமெல்லாம் கல்வீடு எழும்பிய காலம் அது. தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்த முஸ்லிம் சனங்கள் ஓலைக் கொட்டிலை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களின் வீடுகளைப் பார்த்து இணக்கச் சான்றிதழுக்கு எழுதுவது சிலாபத்திலிருந்து வந்த ஒரு சிங்களப் பெண். தமிழ் நன்றாகக் கதைப்பார், 'ஐயோ'வுக்கு 'அனே'யும் 'சரி'க்கு 'ஹரி'யும் மட்டும் சிங்களத்தில் வந்து விழும். ஊர் முழுக்க அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிடும்; அவர் என்னை, அண்ணன் முறை வைத்து, 'நானா' என்பார். சட்டத்தில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார். கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் ஒரு வீட்டிலிருந்தும் போகவும் மாட்டார்.

தலைக்கு மேலால் போன கம்பி

சபூறா ராத்தா மன்னாரிலிருந்து வந்தவர். புருஷன் மௌத்தான பிறகு தையல் தைத்தே மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். அந்த மகள் கரண்டில் ஓடும் தையல் மெஷின் ஒன்றை அனுப்பியிருந்தாள். அது புடவையைப் போர்த்திக்கொண்டு புது வீட்டு அறை மூலையில் இருந்தது. கடதாசி கிடைத்தால்தான் கரண்டுக்கு எழுதிப் போடலாம், கரண்ட் வந்தால்தான் மெஷின் ஓடும். அதுவரைக்கும் ராத்தா பழைய கொட்டிலில் குப்பி லாம்புக்குப் பக்கத்தில் குனிந்து கால்மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். கண் மங்கத் தொடங்கிவிட்டது. ஊசியில் நூல் கோர்க்கப் பக்கத்து வீட்டு நிலூபாவைக் கூப்பிடுவார்.

வீட்டில் ஒரு குறையும் இல்லை. வீதியிலிருந்து பிரிந்த அந்த ஒழுங்கை நெடுக எல்லார் கக்கூசுக்கும் சாக்கு தொங்க, ராத்தாவின் கக்கூசுக்கு மட்டும் நீல பிளாஸ்டிக் கதவு இருந்தது. பேரப்பிள்ளை ஒட்டிய மயில் ஸ்டிக்கர் ஒன்று அதில், வால் பக்கம் உரிந்து போய். எல்லாம் சரி என்று கிணற்றடியிலிருந்து கக்கூஸ் குழிக்கு டேப்பை இழுத்தோம். தூரம் காணாது, சட்டம் கேட்கும் அளவுக்குக் குறைவு. மிஸ்ஸின் முகம் சுருங்கிவிட்டது. "குழிய அந்தப் பக்கம் மாத்துங்க ராத்தா, நான் திரும்பி வாறேன்" என்றார்.

ராத்தா சண்டை பிடிக்கவில்லை. வாசலுக்கு வந்து, ஊருக்குப் பக்கத்திலேயே நிற்கும் அனல் மின்சார நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே ஓடும் கம்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊருலகத்துக்கெல்லாம் வெளிச்சம் இதாலதான் போகுது மிஸ். என்னைக் கண்டா மட்டும் தெரியாத ஆள் மாதிரிப் போகுது."

முன்னால் வந்த ஆள்

முதலாவது சட்டத்தைச் சனங்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் என்று சொல்ல வேண்டும். நாங்கள் வருகிறோம் என்று கேள்விப்பட்டால் பாய், தலையணை, பானை, சட்டி, கோழிக்கூடு எல்லாம் பழைய கொட்டிலுக்குத் திரும்பிப் போகும். வீடு கழுவித் துடைத்து ஆள் இல்லாத வீடாகிவிடும். அடுப்பு மட்டும் சூடாக இருக்கும். மிஸ் அடுப்புப் பக்கம் கை வைக்க மாட்டார்.

ஒரு வீட்டில் இப்படி எல்லாம் காலியாக இருந்தது. மிஸ் மனம் நிறைந்து எழுதிக்கொண்டிருந்தார். உள்ளறையிலிருந்து ஒரு முனகல். எட்டிப் பார்த்தால் கூரை வளையில் சேலையால் ஏணை கட்டி, அதற்குள்ளே ஒரு கைக்குழந்தை விரலைச் சூப்பிக்கொண்டு கிடக்கிறது. அவசரத்தில் எல்லாவற்றையும் தூக்கியவர்கள் அதை மறந்துவிட்டார்கள். பிள்ளையின் வாப்பா என்னைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார், ஏணையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நாங்க இன்னும் குடிவரல்ல மிஸ். இவர் மட்டும் முன்னால வந்திரிக்கார்."

புகை மட்டும் எங்களுடையது

வீட்டுக்குப் பின்னால் வெறும் நிலம் விட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். எங்கள் பெண்களுக்கோ வீட்டுக்குள்ளே எத்தனை அழகான குசினி கட்டிக் கொடுத்தாலும் பின்னுக்கு ஒரு ஓலைக் குசினி வேண்டும். மீன் குழம்பை உள்ளே ஆக்கினால் மணம் சுவரில் ஒட்டிக்கொள்ளுமாம். விடவேண்டிய நிலத்தில்தான் அந்தக் குசினி நிற்கும்.

வெங்காயத் தோட்டம் செய்யும் கரீம் காக்காவிடம், குசினியை எடுத்தால்தான் கடதாசி என்று மிஸ் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை போனபோது பின் நிலம் துப்புரவாக இருந்தது. டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த வளவுக்குள், அதே குசினி நாலு காலில் நின்றது. நாலு பேர் ஆளுக்கொரு மூலையாகத் தூக்கி வைத்திருக்கிறார்கள். காக்காவின் மனைவி வேலியில் ஒரு பொட்டு வெட்டி அதன் வழியாகக் கையை விட்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்கிறார். புகை முழுவதும் காற்றுக்கு இந்தப் பக்கம் வந்தது. மிஸ் இருமிக்கொண்டே காக்காவைப் பார்த்தார். காக்கா ஓடிவந்து சொன்னார்: "குசினி அடுத்த வளவுக்காரர்ட மிஸ். புகை மட்டுந்தான் எங்கட."

வாலில்லாத மயில்

குசினி நடந்த ஒழுங்கையில் கதவு நடப்பதில் என்ன அதிசயம்? கக்கூசுக்குக் கதவு இல்லாவிட்டால் கடதாசி இல்லை. கல்லும் ஓடும் முடிந்து கதவுக்கு வரும்போது சனங்களுக்குக் கை காய்ந்துபோயிருக்கும். சபூறா ராத்தா புதுக் குழி வெட்டி முடியும்வரை அவரது கதவு சும்மாதானே நின்றது. எல்லாக் கக்கூசும் ஒரே மேசன் பாஸ் கட்டியது, ஒரே அளவு நிலை, ஒரே மாதிரிப் பிணைச்சல். ஆணியை உருவினால் கதவு கையோடு வரும்.

முதல் வீட்டில் மயிலைக் கண்டேன். ராத்தாவின் கதவு மாதிரியே வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது வீட்டிலும் மயில். அதற்கும் வால் இல்லை. மூன்றாவது வீட்டில் நாங்கள் முன்வாசலில் அளந்துகொண்டிருக்கும்போதே, வேலிக்கு மேலால் ஒரு நீலக் கதவு தலையில் ஏறிப் போனதைக் கண்டேன். என் வேலை டேப் பிடிப்பது. கதவைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மிஸ் ஒவ்வொரு கதவையும் திறந்தார், மூடினார், கொண்டி போட்டுப் பார்த்தார். சட்டம் கேட்பது கதவு, கதவு இருந்தது. எழுதினார். நாலாவது வீடு நிலூபாவுடையது. அவள் வயிறும் பிள்ளையுமாகக் கதிரையில் இருந்தாள். புருஷன் ரமீஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கக்கூஸைக் காட்டினான். மிஸ் மயிலைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்: "அனே ரமீஸ், இந்த ஒழுங்கையில மயிலெல்லாம் வாலில்லாமலே பிறக்குது என்ன?"

மயில் வராத நாள்

சபூறா ராத்தாவின் முறை வந்தது. குழி தூரமாகப் போயிருந்தது. டேப்பை இழுத்தோம், தூரம் கண்டு மிச்சமும் இருந்தது. ராத்தாவின் முகம் மட்டும் தெளியவில்லை. பின்னுக்குப் போனால் அவரது கக்கூஸ் வாசலில் சாக்கு தொங்குகிறது.

"ராத்தா, மயில் எங்க?" என்றார் மிஸ்.

நிலூபா பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். தையல் போட்ட உடம்பு. கதவு இன்னும் அங்கேதான். நாங்கள் வரும் நாள் ராத்தாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. எங்களை வீட்டுக்குள் கூட்டி வந்து, "பச்சை உடம்புக்காரிட கதவக் கழட்டச் சொல்லுறதா மிஸ்? நான் இன்னும் கொஞ்ச நாள் லாம்போட இருந்துட்டுப் போறேன்" என்றார். சொல்லும்போது அவர் கண் அறை மூலையிலிருந்த மெஷினைப் பார்க்கவில்லை. அதனாலேயே நாங்கள் பார்த்தோம்.

"நான் கண்ணால கண்டதைத்தான் எழுதலாம் ராத்தா" என்றார் மிஸ். நான் டேப்பைச் சுருட்டத் தொடங்கினேன். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "கக்கூஸ நான் இன்னும் பார்க்கல்ல. தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் பார்ப்பேன்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நானா, நீங்க போய் ரோட்டுப் பக்கத்த ஒருக்காத் திரும்ப அளந்துட்டு வாங்க."

டேப்புக்கு இரண்டு நுனி இருப்பது மிஸ்ஸுக்குத் தெரியாதா? தனியாக எதை அளக்கிறது? நான் வெளியில் வந்து, முதலில் கண்ட ஆளிடம் விஷயத்தைச் சொன்னேன். பிறகு ஒழுங்கை எழும்பிவிட்டது.

மிஸ் சூடான தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடிக்கிறவர். அன்றைக்கு ஊதி ஊதிக் குடித்தார். ஆறின பிறகும் ஊதினார். அதற்குள்ளே கரீம் காக்கா தன் முன்வாசல் கதவையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அது நிலைக்கு மேலால் நின்றது. இன்னொருவர் கடைப் பலகை கொண்டுவந்தார். ஒரு கிழவர் ஆட்டுப்பட்டிக் கதவைக் கொண்டுவந்தார். பின்னால் ஆடுகளும் வந்தன. ஒன்றும் பொருந்தவில்லை. பாஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். மிஸ்ஸின் கோப்பையில் தேயிலைத் தூள்தான் மிச்சம், அதையும் ஊதிக்கொண்டிருந்தார்.

அப்போது ரமீஸ் வந்தான். தலையில் நிலூபாவின் கலியாண அலுமாரியின் கதவு, ஆளுயரக் கண்ணாடி பதித்தது. எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, அவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "நிலூபா சொன்னா, அலுமாரிக்குக் கதவில்லாட்டி உடுப்புக்கு வெக்கம் வராதாம்."

அகலம் கொஞ்சம் காணாது. பாஸ் ஓரத்தில் ஒரு பலகைத் துண்டு வைத்து அடித்தார், உள்ளுக்குக் கொண்டியும் போட்டார். மிஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார், கொண்டி போட்டார், திறந்துகொண்டு வெளியில் வந்தார். திரும்பிக் கதவை மூடியபோது அவருக்கு முன்னால் கண்ணாடி. அதில் அவர் முகம். முகத்துக்குப் பின்னால் சபூறா ராத்தா, கரீம் காக்கா, பாஸ், ரமீஸ், கதவும் பலகையுமாக நின்ற அத்தனை பேரும், ஆடுகளும். மிஸ் கண்ணாடியில் ஒவ்வொருவராக எண்ணினார். பிறகு பேனையை எடுத்தார். "ஹரி ராத்தா. வீட்டுல இருக்கப் போறது ஒரு ஆள் எண்டுதான் நான் எழுதியிரிக்கேன். கண்ணாடியில பார்த்தா ஒழுங்கையே நிக்குது."

புடவையின் புது வேலை

கடதாசி வந்தது, பிறகு கரண்டும் வந்தது. பல்பு எரிந்த அன்று நானும் மிஸ்ஸும் போனோம். ராத்தா மெஷினின் புடவையை உருவி எடுத்து, நிலூபாவின் பிள்ளைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூலை அவரே கோர்த்தார். பின்னுக்குக் கை கழுவப் போன மிஸ் சிரித்துக்கொண்டே வந்தார். அலுமாரிக் கதவு அலுமாரிக்குப் போயிருந்தது, மயில் இன்னும் நிலூபா வீட்டில்தான், கக்கூஸ் வாசலில் மெஷினைப் போர்த்தியிருந்த புடவை தொங்கியது. ராத்தா மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "அளந்து முடிஞ்சுதுதானே மிஸ், இனி கொஞ்சம் காத்தும் வரட்டும்."

கக்கூசுக்குக் கதவு இருக்க வேண்டும் என்று எங்கள் சட்டத்தில் இருக்கிறது, அது யாருடைய கதவாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் இல்லை. தயவுசெய்து யாரும் போய் ஞாபகப்படுத்திவிடாதீர்கள்.