வரக்கூடியதை வாயால் சொல்லாத நாகலக்ஷ்மி

கரமனை அக்ரஹாரத்தில் நாகலக்ஷ்மியின் வீட்டில் இன்றுவரை அரிசி தீர்ந்ததே கிடையாது. டப்பாவின் அடி தெரியும் நாளில் அது ‘நிறைஞ்சிருக்கு’. விளக்கு அணைந்ததில்லை, மலையேறியிருக்கிறது. மழைக்காலத்தில் கொல்லைப்பக்கம் பாம்பு வந்ததில்லை, ‘நீளமா ஒண்ணு’ வந்துபோயிருக்கிறது. ஒருமுறை சென்னையிலிருந்து வந்த ஒன்றுவிட்ட நாத்தனார், “காப்பிப்பொடி நிறைஞ்சிருக்கு” என்று நாகலக்ஷ்மி சொன்னதை அப்படியே நம்பி, மத்தியானம்வரை காப்பிக்குக் காத்திருந்தாள். பாவம், அந்தத் தெருவில் வளராதவள்.

கெட்டதை வாயால் சொன்னால் அது வாசலில் வந்து நிற்கும் என்பது அந்த வீட்டுச் சட்டம். நாகலக்ஷ்மியின் கணவர் கிருஷ்ணகுமார் அடுத்த தெருக்காரர்தான். கூட்டுறவு வங்கியில் வேலை, வீட்டில் அதே சட்டம். ஆபீசுக்குப் புறப்படும்போது இருவரில் ஒருவர்கூட இதுவரை “போறேன்” என்று சொன்னதில்லை. தினமும் இருவரும் ‘வந்துகொண்டே’ இருந்தார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். கழக்கூட்டம் ஐ.டி. பார்க் பக்கம் ஒரு கம்பெனி. வெளிநாட்டு மருத்துவமனைகளின் நோயாளிகள் போனில் படிப்பதற்காக, இந்த மாத்திரை எதற்கு, அந்த ஊசி எதற்கு என்று எளிய ஆங்கிலத்தில் குறிப்பு எழுதித் தருகிற இடம். நாகலக்ஷ்மி ஆங்கிலத்தில் எம்.ஏ. அவள் எழுதினால் திருத்த ஒன்றும் இருக்காது. எல்லாம் நல்ல சேதியாக இருக்கும்வரை.

நல்லதை எழுத அவளுக்கு யோசனையே வேண்டாம். வலியைக் குறைக்கக்கூடிய நடைப்பயிற்சி, தூக்கத்தைத் தரக்கூடிய மாத்திரை என்று ‘விச் கேன்’ போட்டுத் தள்ளிவிடுவாள். சிக்கல் பக்கவிளைவுகளில்தான். அங்கே தலைசுற்றல் வரக்கூடிய நோயாளிகள், வாந்தி எடுக்கக்கூடிய நோயாளிகள், மயங்கி விழக்கூடிய நோயாளிகள் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். ஆங்கிலத்தில் ஆளை முதலில் சொல்லி, ‘ஹூ’ போட்டு, உடனே ‘மே’ போட்டு, பிறகு கெட்டதை எழுத வேண்டும். நாகலக்ஷ்மி ‘ஹூ மே’ வரைக்கும் எழுதுவாள். அதற்கு மேல் கை ஓடாது. ஒரு ரத்த அழுத்த மாத்திரைக்கு ‘நலமாக உணரக்கூடிய நோயாளிகள்’ என்று மட்டும் எழுதி, பக்கவிளைவுப் பகுதியை முடித்தே விட்டாள்.

“சேச்சி,” என்று கேட்டான் ஷிபின். அவளுடைய டீம் லீடர், பாறசாலைக்காரன், அவளைவிடப் பத்து வயது இளையவன். “இதுதான் பக்கவிளைவா? இதப் படிச்சா சீக்கு இல்லாதவனும் மாத்திரை வாங்கித் திம்பான் கேட்டியளா.”

“தலை சுத்தும்னு எழுதினா, படிக்கறச்சேயே அவாளுக்குச் சுத்தாதா ஷிபின்?”

“சுத்தும்னு எழுதாண்டாம். சுத்தலாம்னு எழுதுங்க. எல்லாருக்குமா சுத்தப் போகுது? சிலபேருக்கு. அதுக்குத்தானே மே.”

சரி என்றாள். ஒவ்வொரு ‘மே’க்கும் மனசுக்குள் ஒரு ‘பகவானே’ போட்டு எழுதினாள். ‘மே’யைவிட ‘மைட்’ கொஞ்சம் தள்ளி நிற்பதாக அவளுக்குப் பட்டதால், கூடுமான இடத்திலெல்லாம் ‘மைட்’ போட்டாள். “சேச்சியோட பேஷன்ட்டுக்கு மட்டும் எல்லா வியாதியும் வழிதவறித்தான் வருது,” என்று ஷிபின் அதையும் கேலி செய்தான். கேலியில் தப்பில்லை, நமக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அவள் கழுத்தைப் பற்றி ஷிபினுக்குத் தெரியாது.

அது சித்திரை விஷுவன்று தொடங்கியது. விடியலில் கண்ணை மூடிக்கொண்டு வந்து, கணி வைத்த வெண்கல உருளியின் முன் உட்கார்ந்து கண்ணைத் திறந்தாள். கொன்றைப்பூ, வெள்ளரிக்காய், நாணயம், நடுவில் கண்ணாடி. முதலில் பார்ப்பதுதான் வருஷம் முழுக்க என்பார்கள். நாகலக்ஷ்மி முதலில் பார்த்தது கண்ணாடியில் தன் கழுத்தை. வலது பக்கம், நெல்லிக்காய் அளவு ஒரு வீக்கம். சட்டென்று கண்ணைப் பூவின் பக்கம் திருப்பிக்கொண்டாள். பூவைத்தான் முதலில் பார்த்தேன் என்று தனக்குத்தானே சத்தியமும் செய்தாள்.

அன்றிலிருந்து அவள் புடவைத் தலைப்பு கழுத்தைச் சுற்றிப் போனது. ஆபீசில் கேட்டால் ஏசி குளிர். வீட்டில் யாரும் கேட்கவில்லை. டாக்டரிடம் போகலாம்தான். போனால் அவர் “என்ன?” என்று கேட்பார், இவள் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். கணவரிடம் சொல்லலாம். சொன்னால் அது வீட்டுக்குள் வந்துவிடும். ஆக, நோயாளிகளுக்கு எழுதிப் பிழைக்கிற நாகலக்ஷ்மி, தன் நோயை யாருக்கும் சொல்லாமல் வெயிற்காலத்தையும் மழைக்காலத்தையும் கடத்தினாள். பயம் மட்டும் தினமும் கூடிக்கொண்டே போனது.

கிருஷ்ணகுமாருக்கோ அந்த மழைக்காலத்தில் ஒரு புதுப் பழக்கம். “குமாரபுரத்துல ஒரு காரியம் இருக்கு. நீயும் வரயா?” என்பார். குமாரபுரத்தில் அவருடைய பழைய சகா ஒருவர் இருக்கிறார். வாங்கிய காரைப் பற்றி ஆரம்பித்தால் விற்கிறவரைக்கும் பேசுகிற மனிதர். நாகலக்ஷ்மி “நீங்க போயிட்டு வாங்கோ,” என்று ஒவ்வொரு தடவையும் நழுவினாள். இவள் வராததால் அவரும் போகவில்லை. அடுத்த வாரம் மறுபடி அதே குமாரபுரம், அதே காரியம். இந்த மனுஷருக்கு என்ன வந்தது என்று அவளுக்கு அலுப்பாக இருந்தது.

ஓணத்துக்கு முந்திய வாரம் ஷிபின் புதுக் குறிப்பு ஒன்றை அனுப்பினான். தலைப்பைப் பார்த்தாள். கழுத்தில் தோன்றும் வீக்கம்.

எழுதினாள். ‘கழுத்தில் வீக்கம் என்பது ஒன்றுமேயில்லாத ஒரு விஷயம்.’ அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது ஷிபின் அவள் மேஜைப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

“இது ஆகாது சேச்சி. இதை நம்பி ஒருத்தி டாக்டர்ட்ட போகாம இருந்தா என்ன செய்யும்?”

அவனுக்குத் தெரிந்துவிட்டதோ என்று நாகலக்ஷ்மி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஐந்து மணிக்குள் குறிப்பு போக வேண்டும் என்ற கவலைதான் அவனுக்கு.

“பயங்காட்டாண்டாம். பொய்யும் சொல்லாண்டாம். ரெண்டையும் ஒரே வரியில எழுதுங்க,” என்று சொல்லிவிட்டு அவன் தன் இடத்துக்குப் போனான்.

அவள் உட்கார்ந்து எழுதினாள். வீக்கம், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமில்லாததாக இருக்கக்கூடியது, சிலருக்கு உடனே கவனிக்க வேண்டியதாகவும் இருக்கக்கூடியது. அங்கே ஒரு ‘விச் மே’, இங்கே ஒரு ‘விச் குட் (could)’. இந்த முறை ‘மைட்’ போட்டு ஏமாற்றவில்லை. ‘பகவானே’ மட்டும் ஒன்றுக்கு நாலாகப் போட்டாள். எழுதி முடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கை சபீனா போனில் யாரிடமோ பிரியாணிக்கு ஆர்டர் சொல்லிக்கொண்டிருந்தாள். நாகலக்ஷ்மி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். நெல்லிக்காய் நெல்லிக்காயாகவே இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கிருஷ்ணகுமார் சமையலறையில் உட்கார்ந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நாகலக்ஷ்மி அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். தமிழில் சொல்லப் பார்த்தாள், நாக்கு எழும்பவில்லை. கடைசியில் ஆபீஸ் பாஷையிலேயே சொன்னாள்.

“தேர் இஸ் எ ஸ்வெல்லிங். விச் மே பி நத்திங்.”

நல்ல பாதி முடிந்தது. அங்கேயே நிறுத்திக்கொள்ள மனசு கெஞ்சியது. அவள் சமையல்மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அண்ட் விச் குட் பி சம்திங்.”

பின்னால் கத்தி நின்றது.

“வலது பக்கம்,” என்றார் கிருஷ்ணகுமார்.

திரும்பிப் பார்த்தாள். அவர் பயத்தங்காயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்போ பார்த்தேள்?”

“விஷு முடிஞ்ச வாரம். நீ தூங்கிண்டிருந்தே.”

“இத்தனை நாளா ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?”

“நீ ஏன் சொல்லலை?”

இரண்டு பேரும் ஒரே சட்டத்தில் வளர்ந்தவர்கள்.

“குமாரபுரத்துல என்ன காரியம்னு நினைச்சுண்டிருந்தே?” என்றார் அவர். “டாக்டராக்கும். எத்தனை தடவை டோக்கன் எடுத்தேன் தெரியுமா? நீ வரமாட்டேன்னு சொல்லுவே, நான் அங்க போன்ல கூப்பிட்டு டோக்கன் வேண்டாம்னு சொல்லுவேன். அங்க போன் எடுக்கற பொண்ணுக்கு இப்போ என் குரலே மனப்பாடம்.”

“நான் அந்தக் கார்க்காரராத்துக்குக் கூப்பிடறேள்னு நினைச்சேன்.”

“அவன் மூஞ்சியை யார் பார்க்கறது.”

நாகலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது, அதுதான் ஜெயித்தது. தன்னைப் பற்றி அழுதாளா, இத்தனை வாரமும் டோக்கன் எடுத்து டோக்கன் எடுத்து இந்த மனிதர் தனியாகப் பயந்துகொண்டிருந்ததற்கு அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. “நேக்கு பயமா இருக்கு,” என்றாள்.

“ஒண்ணும் ஆகா…” என்று வழக்கம்போல ஆரம்பித்தார் கிருஷ்ணகுமார். பாதியில் நிறுத்தினார். கத்தியைக் கீழே வைத்தார்.

“நேக்கும்,” என்றார்.

பிறகு அவர் எழுந்துபோய்ப் போன் செய்தார். மறுநாள் காலைக்கு டோக்கன் கிடைத்தது. இந்தத் தடவை கட்டாயம் வருவோம் என்று அந்தப் பெண்ணிடம் சத்தியம் செய்ய வேண்டியிருந்ததாம். நாகலக்ஷ்மி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, உலை வைத்து, அரிசி டப்பாவைத் திறந்தாள். ஓரத்தில் இரண்டு பிடி இருந்தது. ராத்திரிக்குப் போதும்.

“அரிசி இருக்கோல்லியோ?” என்றார் கிருஷ்ணகுமார், வழக்கமாகக் கேட்கிற மாதிரி.

அவள் டப்பாவைப் பாத்திரத்தில் கவிழ்த்து அடியில் ஒரு தட்டு தட்டினாள்.

“இல்லை,” என்றாள். “தீந்துடுத்து. நாளைக்கு டாக்டரைப் பார்த்துட்டு வரச்சே வாங்கணும்.”

அந்தச் சமையலறையில் அந்த வார்த்தை அதற்கு முன்னால் ஒலித்ததே இல்லை. கிருஷ்ணகுமார் திடுக்கிட்டுப் பூஜை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“செரி,” என்றார். “பை எடுத்துக்கறேன்.”