வாசலில் ஏழு எழுத்து

சாணி தெளித்த ஈரம் காய்வதற்குள் கோலத்தை முடித்து, அதன் கீழே இங்கிலீஷில் ‘வெல்கம்’ எழுதத் தொடங்கிவிடுவாள் சிவனம்மாள். பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. “மலையக் கவுத்துப் போட்டா மொத எழுத்து. நிமித்தி வச்சா ஆறாவது. சீப்பு ரெண்டு வரும். இதுல என்னடி கம்பசூத்திரம்?” என்பாள். சின்னாளபட்டியில் மற்றவர்கள் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் எழுதுவதை இவள் தினமும் எழுதுவாள். அமாவாசைக்குக் கோலம் கூடாது. எழுத்துக்கு அந்தச் சட்டம் கிடையாதாம்.

கற்றுக்கொடுத்தவள் மகள் சூர்யகலா. கொடைரோடு ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்க்கும் ஆரோக்கியதாஸை வீட்டை மீறிக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருஷமாகிறது. பஸ் ஏறினால் சுட்ட முந்திரிக்கொத்து சூடு ஆறுவதற்குள் போய்விடலாம். ஆனால், “அவ பேரை எடுத்தா இந்த வீட்டுல உலை வைக்கக் கூடாது” என்று பொன்னழகு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். புருஷன் பேச்சை சிவனம்மாள் தட்டவில்லை. மகள் பேரை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பஸ் ஹார்ன் கேட்டால் மட்டும், பால் பொங்கினாலும் வாசலுக்கு வந்துவிடுவாள். பெற்ற பிள்ளையைப் பார்க்காத ஏக்கம் ஆளையே பாதியாக்கிவிட்டது. கேட்டால், “வெயிலு அம்புட்டுக் கொடுமை” என்பாள்.

எதிர்வீட்டு இங்கிலீஷ் வாத்தியார் பொம்மையனிடம் போன வாரம்தான் கேட்டாள்: “வாங்கன்னுதானே சார் இதுக்கு அர்த்தம்?”

“இப்ப லாட்ஜு, மண்டபம், கடைவாசல்னு எல்லா எடத்துலயும் அப்படித்தான் போடுறாங்க, அக்கா. ஆதியில அது வர்ற ஆளுக்கே பேரு. பழைய இங்கிலீஷ்ல ‘வில்லா’ன்னா ஆசை, ‘குமா’ன்னா வர்ற ஆளு. யாரு வரணும்னு மனசு கெடந்து தவிக்குதோ, அவுக. நல்வரவுங்கிறதெல்லாம் பொறவு வந்தது.”

சிவனம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அப்ப நான் தெனமும் அவ பேரைத்தான் எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.”

சொன்ன பிறகுதான் பின்னால் பொன்னழகு பீடியோடு நிற்பதைப் பார்த்தாள். அவர் பீடியை நசுக்கிப் போட்டுவிட்டு உள்ளே போனார். இனி எழுதாதே என்று சொல்லிவிடுவாரோ என்று அன்று முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

மறுநாள் காலை அவர் எழுவதற்கு முன்பே எழுதி முடித்தாள். அன்று, தறிக்கான நூலைத் தெரு நெடுக இழுத்துக் கட்டிப் பாவு நீட்ட அவர்கள் வீட்டு முறை. பாவு நீட்டினால் எந்த வாசலிலும் கோலம் மிஞ்சாது. அத்தனை கால் நடக்கும். நூலைத் தாங்கும் கம்பை வாசலுக்கு நேரே ஊன்ற வந்த பொன்னழகு, கீழே எழுத்தைப் பார்த்தார். பிறகு கம்பைத் தூக்கி ஒரு முழம் தள்ளி ஊன்றிவிட்டு, நூல் பிடிக்க வந்தவர்களிடம் சொன்னார்:

“ஏலே, பாத்து வாங்க. எழுத்தை மிதிச்சிறாதீங்க.”