கிளறிற்றா அக்கா எழுதிக் கொடுத்த கணக்கு

கிளறிற்றா அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது. விமான நிலையத்தில் கழிவறை கழுவுகிறவருக்கு வேண்டிய ஆங்கிலம் அவரிடம் இருக்கிறது. பாவத்தைச் சொல்லத்தான் ஆங்கிலம் இல்லை.

பாரிசில் பதினொரு வருடம் ஹோட்டல் அறைகள் துடைத்துவிட்டு, புருஷன் செத்த பிறகு லண்டனில் ஹவுன்ஸ்லோவுக்கு வந்தவர். ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். மாதத்தில் முதல் ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்கு எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை. அதற்கு முன், பூசை வைக்க வருகிற தமிழ்க் குருவான சுவாமியிடம் முழந்தாளிட்டு, தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வார். எழும்பி வரும்போது முகம் கழுவின மாதிரி இருக்கும். அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான் மாதம் முழுக்க ஷிப்ட் மாற்றி மாற்றி வேலை செய்வார்.

போன வருடம் கோயிலை நடத்துகிற பங்குக்காரர் சொல்லிவிட்டார்கள்: ஒக்டோபரில் தலை எண்ணுவோம், எண்பது பேர் இல்லாவிட்டால் தமிழ்ப் பூசை இல்லை. வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுக்கிறவர் என்பதால் எண்ணுகிற வேலை அக்காவிடம் வந்தது. அமத்தினால் டிக் என்று ஒரு இலக்கம் கூடுகிற சின்ன மெசின் ஒன்றும் கொடுத்தார்கள்.

தமிழ்ச் சங்கத் தலைவர் ராஜீவ் ஊரெல்லாம் போன் அடித்தார். பூசை முடியக் கொத்து ரொட்டி என்றார். எண்ணுகிற ஞாயிறு ஆட்கள் வந்தார்கள்தான். ஆனால் கோயிலுக்குள் வரவில்லை. பக்கத்து மண்டபத்தில் வீடு விலை, கார் விலை கதைத்துக்கொண்டு நின்றார்கள். வேத வாசகம் வாசிக்கும்போது அவர்கள் சிரிக்கிற சத்தம் உள்ளே கேட்டது.

“அக்கா, எவ்வளவு?” என்று ராஜீவ் வாசலுக்கு வந்தார்.

“நாப்பத்து மூண்டு.”

“மண்டபத்தில நிக்கிறவையையும் சேருங்கோ.”

“அவை பூசைக்கு வரேல்லையே, தம்பி.”

“ஞானஸ்நானம் எடுத்த ஆக்கள்தானே? எங்கட சபைதானே? தாருங்கோ அதை.”

மெசினைப் பறித்து அமத்தத் தொடங்கினார். டிக், டிக், டிக். உள்ளே எழுந்தேற்ற மணி அடித்தது. சுவாமி அப்பத்தை உயர்த்துகிறார், நாங்கள் தலை குனிந்திருக்கிறோம், பின்னால் டிக், டிக். யேசுவே, அந்தச் சத்தம்! ஆனாலும் நான் எழும்பவில்லை; தலையை இன்னும் குனிந்துகொண்டேன்.

பூசை முடிந்து, கணக்கு எழுதிக் கொடுக்கிற தாள் வந்தது. மெசினில் தொண்ணூற்றாறு. அக்கா தாளில் 43 என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

“உங்களுக்கு விசரோ?” ராஜீவ் கத்தினார். “பூசை நிண்டா நட்டம் ஆருக்கு?”

“எனக்குத்தான், தம்பி,” என்றார் அக்கா. “நீங்கள் வாற மாதம் வரப்போறதில்லையே.”

தை மாதத்தோடு பூசை நின்றது. சுவாமியையும் தூர இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

போன கிழமை தமிழ்க் கடையில் தனுஷியா என்னையும் அக்காவையும் மறித்தார். அன்றைக்கு மண்டபத்தில் கொத்து ரொட்டிக்கு முதல் தட்டு வாங்கியவர்.

“எங்கட பூசையை நிப்பாட்டிப்போட்டியளே, அக்கா. சனம் உங்களைத் திட்டுது.”

எங்கட பூசையாம்! கூச்சமில்லாமல் எப்படித்தான் வாயில் வருகிறதோ. அக்கா கோபிக்கவில்லை.

“பூசை எத்தினை மணிக்கு நடந்தது, பிள்ளை?”

“காலமை... பத்தரைக்கோ?”

“ம்,” என்றார் அக்கா. மரவள்ளிக்கிழங்குக்குக் காசைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

இப்போது ஆங்கிலப் பூசைக்கு வருகிறார். கடைசி வரிசை வாங்கில் இருப்பார். தமிழில் பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை; அது செய்யாமல் நற்கருணை அப்பம் வாங்க மாட்டாராம். எல்லோரும் எழும்பி வரிசையில் போகும்போது, எங்களுக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டு இருக்கிறார்.