வைப்பதா, வைத்துக்கொள்வதா

ஊசியக்காவின் ஃபோனை ஒரு முறை கையில் வாங்கியவர்கள் மறுமுறை வாங்க மாட்டார்கள். பின்மூடி கழன்று, யாருடைய இடுப்பிலிருந்தோ உருவிய எலாஸ்டிக்கால் கட்டப்பட்டிருக்கும். அதன் சூட்டில் அவள் சட்டைக் காலரையே தேய்த்துவிடுவாள் என்றால், கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். கொஞ்சம்தான்.

துணிக்கடையின் பின்னறையில் கால்சட்டை நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, வாயைக் கட்டாதவர்களுக்கு அதே இடுப்பைத் தளர்த்திவிடுவது அவள் வேலை. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நூல்கண்டு டப்பாவில் சாய்ந்தபடி ஃபோன் நிற்கும். அதில் தங்கச்சி. கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டுப் போனவள் ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டாள். அந்த அழைப்பு இன்னும் முடியவில்லை. அளவில்லாத டேட்டா பிளான் ஆயிற்றே! சிக்னல் அறுந்தாலும், விட்ட இடத்தில் கோத்துக்கொள்வார்கள். பேச்சு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒருத்தி தும்மினால் இன்னொருத்தி, "மாத்திரை போடு" என்பாள். ஒருத்தி தூங்கினால் இன்னொருத்தி குறட்டைக்குக் காவல்.

திரையில் ஒரு கறுப்புக் கறை விழுந்தது. அது மை ஊறுவதுபோல் பரவி, தங்கச்சியின் நெற்றி, மூக்கு, வாய் எல்லாவற்றையும் விழுங்கி, ஒரு காதை மட்டும் மிச்சம் வைத்தது. ஃபோட்டோ அனுப்பினால் அதன் மேலும் கறை. ஊசியக்கா கொஞ்ச காலம் காதோடு குடும்பம் நடத்தினாள். ஆனால் காது சிரிப்பதில்லை. தங்கச்சியின் முகமே மறந்துவிடுமோ என்று பயம் பிடித்ததும் ஃபோன் கடைக்குப் போனாள்.

கடைக்காரப் பெண் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தாள்.

"இதை எடுத்துக்கங்கம்மா. முகத்துல மரு இருந்தாக்கூடத் தெரியும். ஆனா உங்க பழைய சிம் இதுல ஏறாது. புதுசு போடணும். போட்டா அந்த அன்லிமிடெட் பிளான் போயிடும்."

"போனா திரும்ப வராதா?"

"வராதும்மா. அந்தப் பிளானைக் கம்பெனியே மறந்துடுச்சு. டேட்டா தீர்ற வரைக்கும் பேசிட்டு, 'வச்சிடறேன்'னு சொல்லிட்டு வைக்க வேண்டியதுதானே?"

"அந்த வார்த்தையை அவகிட்டச் சொல்லாதீங்க!" என்றது ஊசியக்காவின் கைப்பை.

கடைக்காரப் பெண் துள்ளி விழுந்தாள்.

"பயப்படாதேம்மா, என் தங்கச்சிதான்" என்றாள் ஊசியக்கா. "எங்கம்மா ஒரு நாள் ஃபோன்ல 'வச்சிடறேன்'னாங்க. வச்சாங்க. மறுபடி எடுக்கவே இல்ல. அதுல இருந்து நாங்க ரெண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கறதில்ல."

கடைக்காரப் பெண் புது ஃபோனைக் கடை வைஃபையில் இணைத்து நீட்டினாள். "அப்ப இந்தப் புது ஃபோன்ல ஒரு தடவை தங்கச்சி முகத்தைப் பாருங்க. பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

பழைய அழைப்பை அறுக்காமல் இருக்க, தங்கச்சி அங்கே தன் வீட்டுக்காரர் ஃபோனைத் தேடிப் போனாள். ஃபோன் உடனே கிடைத்தது. பவுடர் கிடைக்கத்தான் நேரமாயிற்று.

முகம் வந்தது. கன்னத்தில் சதை வைத்து, அம்மா சாயல் ஏறிய முழு முகம். ஊசியக்கா தன் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன் அக்கா. நீ நல்லா இருக்கியா?"

"இருக்கேன். வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்."

டாக்டர் அறைக்கு வெளியே அறிமுகமானவர்களைப் போல இருவரும் சிரித்த முகத்தைச் சிரித்தபடியே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி அக்கா, அப்ப வச்சிடட்டுமா?" என்றாள் தங்கச்சி.

கடைக்காரப் பெண்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்னடி சொன்னே?"

"ஐயோ! உன்னை இப்படி நேருக்கு நேரா பார்த்ததும் யாரோ விருந்தாளிகிட்டப் பேசற மாதிரி ஆயிடுச்சு. வாய் தானா சொல்லிடுச்சு."

ஊசியக்கா புது ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்ல ஃபோன்தாம்மா. ரொம்ப மரியாதை தெரிஞ்ச ஃபோன். எங்களுக்கு ஒத்து வராது."

"அப்ப பழசையே வச்சுக்கறீங்களா?"

"வச்சுக்கறேன்."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கைப்பை மெல்லக் கேட்டது. "அக்கா, பவுடர் போட்டிருந்தேனே, பார்த்தியா?"

"பார்த்தேன். கழுத்துக்குப் பூச மறந்துட்டே."

"கொள்ளிக்கண்ணுடி உனக்கு!"

"அக்காவை 'டி' போடறியா? பல்லைத் தட்டிடுவேன்."

பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கை தேடிக்கொண்டார்.