கைதட்டக் கூடாத ஆட்டம்

பகலில் பஸ் ஓட்டுவார், மாலையில் கிளப்பில் பெண்களுக்கு வாலிபால் சொல்லித் தருவார். அவர் குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். அதனால் எல்லோருக்கும் அவர் ‘ஹாரன்’. பந்து யாரிடம் வருகிறதோ அவர் ‘எனக்கு’ என்று கத்த வேண்டும், மற்றவர்கள் விலக வேண்டும். இருபது வருடமாக அவர் வைத்த சட்டம் அது.

அதில்தான் அணியிலிருந்த மருந்துக்கடைப் பெண் மாட்டிக்கொண்டாள். அவளுக்குத் திக்குவாய். “எ... எ...” என்பதற்குள் பந்து தரையில் கிடக்கும். கேப்டன் அதைத் திக்கித் திக்கி நடித்துக் காட்டுவாள், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒருநாள் ஹாரனும் சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

போட்டிக்குப் பத்தே நாள். அவளைப்போல் பந்து எடுக்க வேறு ஆள் கிடையாது. ஆனால் ஹாரனைத் தூங்கவிடாமல் அரித்தது தன் சிரிப்புதான். நேரே மருந்துக்கடைக்கே போய் நின்றார்.

“தப்பு என் மேலதாம்மா. நான் சிரிச்சிருக்கக் கூடாது.”

அவள் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சொன்னாள். “வ... வலிச்சுது சார்.” கொஞ்சம் பொறுத்து, “கத்தறதுக்குப் பதிலா கை தட்டினா போ... போதாதா?”

அட, இவ்வளவுதானா! இருபது வருடச் சட்டம் அங்கேயே காலி.

“இனிமே எல்லாரும் கைதான் தட்டணும்,” என்றார் அன்று மாலை. “யாரையாவது நடிச்சுக் காட்டினா, கேப்டனா இருந்தாலும் வெளியதான்.” கேப்டனுக்கு முகம் சுண்டிப்போனது. மருந்துக்கடைப் பெண் திரும்பி வந்தாள்.

போட்டியன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. கடைசி செட்டில்தான் வந்தது வினை. கூட்டம் உற்சாகத்தில் கை தட்ட, தங்களில் யாரோ தட்டியதாக நினைத்து நம் பெண்கள் ஆறு பேரும் மரியாதையாக விலகிக்கொள்ள, பந்து நடுவில் பொத்தென்று விழுந்தது. ஒருமுறை அல்ல, நான்கு முறை! இது ஹாரனின் கணக்கிலேயே இல்லை. பதறிப்போய் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார்.

“பழையபடி கத்திடலாமா?” என்றாள் ஒருத்தி.

மருந்துக்கடைப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கேப்டன் அவளைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று கூட்டத்தின் முன்னால் போய் நின்றாள்.

“பந்து ஓடும்போது தயவுசெஞ்சு கை தட்டாதீங்க. அதுதான் எங்க பேச்சு.”

அரங்கம் கப்சிப். ஒவ்வொரு புள்ளியாக ஏறினார்கள். கடைசிப் பந்து உயரத்தில் எழும்பியது. ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. ஐந்து பேரும் விலகினார்கள். மருந்துக்கடைப் பெண் பாய்ந்து எடுத்துக் கொடுக்க, கேப்டன் ஓங்கி அடித்தாள்.

ஜெயித்துவிட்டார்கள்! ஆனால் தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கூட்டம் விழித்தது. மருந்துக்கடைப் பெண் அவர்கள் பக்கம் திரும்பினாள்.

“இ... இ... இப்ப...”

யாரும் அவளுக்குச் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. கேப்டன் அசையாமல் நின்றாள். ஹாரன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தார்.

“...த... தட்டலாம்.”